பொம்மைப் படையின் தளபதி!

குட்டீஸ்! புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? முதல் உலகப் போரில் உயிரிழந்த பிரெஞ்சு இந்திய வீரர்களுக்காக 1938-இல் கட்டப்பட்டது அது. போர் என்பது பொம்மைகளோடு நின்றுவிட வேண்டும் என்று, அந்தப் போருக்கு ஓராண்டு முன்பே எழுதினார் ஒருவர். அவர்தான் ஹெச்.ஜி. வெல்ஸ்!

இங்கிலாந்தில் பிராம்லி என்னும் ஊரில் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-இல் பிறந்தார் வெல்ஸ். அப்பா சிறிய கடை வைத்திருந்தார், கிரிக்கெட்டும் ஆடினார். கடையில் வருமானம் குறைவு. ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுக்கையை விட்டு எழ முடியாது. நூலகத்திலிருந்து வந்த புத்தகங்களே துணை. அப்போது தொடங்கிய வாசிப்பு, வாழ்நாள் முழுவதும் நிற்கவில்லை.

குடும்ப வறுமையால், சிறுவயதிலேயே துணிக்கடை வேலைக்குப் போனார். காலை முதல் இரவு வரை வேலை. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. விடாமல் படித்து, உதவித்தொகை பெற்று, 1884-இல் லண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உயிரியல் கற்றுக் கொடுத்தவர், புகழ்பெற்ற அறிஞர் ஹக்ஸ்லி.

அந்தப் படிப்புதான் அவரது கற்பனைக்கு உரம் போட்டது. 1898-இல் புத்தகமாக வெளிவந்த அவரது நாவலில், செவ்வாய் கிரகத்திலிருந்து ஒரு வில்லன் படை பூமிக்கு வருகிறது. மூன்று கால் ராட்சத இயந்திரங்கள்! எதிரில் நிற்பதை எல்லாம் எரிக்கும் வெப்பக் கதிர்! நச்சுப் புகை! பீரங்கிகளால்கூட அந்தப் படையை ஒழிக்க முடியவில்லை. கடைசியில் அதை வீழ்த்தியது எது தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள்!

இப்படிப்பட்ட எழுத்தாளர், வீட்டில் தரையில் மண்டியிட்டு விளையாடுவார் என்றால் நம்புவீர்களா? அப்போது அவருக்கு இரண்டு மகன்கள். மரக்கட்டைகளால் கோட்டை கட்டி, ஈயத்தால் ஆன பொம்மை வீரர்களை அணிவகுத்து நிற்க வைப்பார்கள். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரத்துண்டு பாயும். பட்ட வீரன் சாய்ந்து விழுவான். நண்பர்களும் வந்து கலந்துகொள்வார்கள்.

விளையாட்டில் சண்டை வராமல் இருக்க விதிகள் வேண்டுமே! காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி தூரம் நகரலாம். குதிரைப்படை இரண்டு அடி நகரலாம். இப்படி ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து, திருத்தி, 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். யானை, குதிரை, தேர், காலாள் என்று சதுரங்கப் படை கண்டவர்கள் நாம். ஆனால் குட்டிப் பொம்மைகளை மேசையில் நிறுத்தி ஆடும் இன்றைய போர் விளையாட்டுகளுக்கு, அவரது புத்தகமே முன்னோடி. இப்போது அதில் அரக்கர், பூதம், எலும்புக்கூடு என்று வில்லன் படைகளை வண்ணம் தீட்டி உருவாக்குகிறார்கள்.

நீங்களும் களிமண்ணில் ஓர் அசுரப் படை செய்யலாம். ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வோர் அசுரனுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம் வையுங்கள். தோற்கவே தோற்காத படையோடு யார் விளையாட வருவார்கள்? வெல்ஸின் செவ்வாய்ப் படைக்கும் கிருமி இருந்ததே!

உண்மையான போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதை உணர, இந்த விளையாட்டை நாலு முறை ஆடினாலே போதும் என்று கருதினார் வெல்ஸ். ஆனால் 1914-இல் உலகப் போர் மூண்டது. இனிப் போரே வராமல் தடுக்கும் போர் இது என்று நம்பி, அவரும் அதை ஆதரித்தார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1939-இல் இரண்டாம் உலகப் போரும் வந்தது. மனம் தளராமல், 1940-இல் மனித உரிமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1946 ஆகஸ்டு 13-இல், 79 வயதில், லண்டனில் காலமானார்.

விளையாட்டு முடிந்ததும், விழுந்த பொம்மை வீரர்கள் எல்லாரும் பத்திரமாகப் பெட்டிக்குத் திரும்பிவிடுவார்கள். கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்கு உரிய வீரர்கள் வீடு திரும்பவே இல்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள் குட்டீஸ்!