பேராசைக்கு வழக்குரைத்தவரா ஆடம் ஸ்மித்?

முன்னுரை

பொருளியல் பயிலும் மாணவர் முதல் வகுப்பிலேயே கேட்கும் பெயர் ஆடம் ஸ்மித். பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்பெரியாரையே, பேராசைக்கு நியாயம் கற்பித்தவர் எனப் பழிப்பாரும் உளர். அவரவர் தத்தம் ஆதாயத்தை நாடினால் போதும், சமுதாயம் தானே செழிக்கும் என்று அவர் கூறிவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். இப்பழி பொருந்துமா என்பதை அவர்தம் வாழ்வையும் நூல்களையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இளமையும் கல்வியும்

ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊராகிய கர்கால்டியில் 1723ஆம் ஆண்டு ஸ்மித் பிறந்தார். சுங்கத்துறையில் பணிபுரிந்த தந்தையார் மகன் பிறக்கும் முன்னரே மறைந்தார். தாயார் மார்கரெட் டக்ளஸே தாயும் தந்தையுமாய் இருந்து வளர்த்தார். ஸ்மித் மணம் புரியவில்லை. 1784இல் மறையும்வரை அவ்வன்னையே அவர் இல்லத்தின் விளக்காகத் திகழ்ந்தார்.

பதினான்காம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் புகுந்த ஸ்மித்துக்குப் பிரான்சிஸ் ஹட்சிசன் ஆசானாக வாய்த்தார். பிறர்நலம் நாடுவதே அறத்தின் உயிர் என்பது அவ்வாசானின் கொள்கை. இதற்கு நேர்மாறாக, இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் பெர்னார்டு மாண்டெவில், 1714இல் வெளியிட்ட தேனீக்களின் கதை என்னும் நூலில், தனிமனிதரின் ஆசையும் ஆடம்பரமுமே ஊரை வாழ்விக்கின்றன என்று வாதிட்டிருந்தார். இவ்விரு கருத்துகளும் மோதிய காலத்திலேயே ஸ்மித்தின் சிந்தனை முதிர்ந்தது.

அறநூல் ஆசிரியர்

1752இல் கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியரான ஸ்மித், 1759இல் அறவுணர்ச்சிகளின் கோட்பாடு என்னும் நூலை வெளியிட்டார். அதில் மாண்டெவிலின் கொள்கையை அவர் வன்மையாக மறுத்தார். தன் நிலையை உயர்த்திக்கொள்ள விழைவது குற்றமன்று. சிக்கனமும் முன்யோசனையும் நற்பண்புகளே. ஆசானும் இவற்றுக்கு உரிய இடம் தரவில்லை என்பது அவர் கருத்து. ஆயின், பிறரைத் தள்ளிவிட்டு முன்னேறுவதை நம் உள்ளத்தே வீற்றிருக்கும் நடுவுநிலைப் பார்வையாளர் ஒப்பமாட்டார். தன்னலத்திற்கும் பேராசைக்கும் இடையே ஸ்மித் இட்ட எல்லைக்கோடு இதுவே.

எழுதியவாறே அவர் வாழ்ந்தும் காட்டினார். 1764இல், கல்வியாண்டின் நடுவே, ஓர் இளம் பிரபுவுக்கு ஆசிரியராகப் பிரான்சு செல்ல நேர்ந்தது. அக்காலத்தில் மாணவர்கள் கட்டணத்தைப் பேராசிரியரிடமே நேரில் செலுத்துவர். பாடம் முடியாமையால் அத்தொகையைத் திருப்பித் தர ஸ்மித் முன்வந்தார். மாணவர்கள் பெற மறுத்தனர். அவரோ வற்புறுத்திக் கொடுத்தார். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி இது.

செல்வ நூல்

பயணத்திலிருந்து 1766இல் மீண்டபின், ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையுடன் பல்லாண்டுகள் உழைத்து, 1776இல் நாடுகளின் செல்வம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ரொட்டி சுடுபவரும் இறைச்சி விற்பவரும் தம் பிழைப்பைக் கருதியே நமக்கு உணவு தருகின்றனர் என்னும் அவரது விளக்கம் உலகறிந்தது. அதனோடு நின்றுவிடுவோர் அந்நூலின் மறுபாதியை மறந்துவிடுகின்றனர். ஒரே தொழில் செய்வோர் கூடினால் விலையை உயர்த்தச் சதி செய்வர் என்று அதே நூல் எச்சரிக்கின்றது. கூலியைக் குறைக்க முதலாளிகள் ஓசையின்றி ஒன்றுபடுவதையும் அது வெளிப்படுத்துகின்றது. வங்காளத்தில் பற்றாக்குறையாக இருந்தது பஞ்சமாக முற்றியதற்கு, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அரிசி வணிகத்தில் விதித்த தடைகளும் காரணமாகலாம் என்று எழுதினார். வணிகரே ஆட்சியாளராகும்போது குடிகளின் நலனும் கம்பெனியின் ஆதாயமும் முரண்படும் என்பதையும் அவர் கண்டுணர்த்தினார். போட்டியும் நீதியும் காக்கும்வரையே தன்னலம் பயன் தரும் என்பதே அவர் முடிபு.

இறுதி நாள்கள்

1778இல் எடின்பரோவில் சுங்க ஆணையராக அமர்ந்தபோது, 300 பவுன் உதவித்தொகையை விட்டுவிட அவர் முன்வந்தார். பிரபு அதற்கு இசையவில்லை. அவர் மறைவாகப் பெரும்பொருளை அறத்திற்கு ஈந்து வந்தமை பின்னரே தெரிய வந்தது. 1790 சூலை 17இல் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டே வெளிவந்த அறநூலின் ஆறாம் பதிப்பில் புதிதாக ஓர் இயலைச் சேர்த்திருந்தார். செல்வரையும் வலியோரையும் வியந்து, வறியோரை இகழும் மனப்போக்கே நம் அறவுணர்வைக் கெடுக்கும் பெருங்காரணம் என்பதே அதன் சாரம்.

முடிவுரை

நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். உயர வேண்டும் என்னும் அவர்தம் வேட்கையைப் பேராசை என்று எவரும் பழித்தலாகாது. உயர்ந்தபின் எளியோரை எவ்வாறு நோக்குகின்றோம் என்பதிலேதான் சோதனை இருக்கின்றது. தன்னலத்தை ஆராய்ந்த அறிஞர் தம் கடைசி ஆண்டில் வலியுறுத்திச் சென்றதும் இதுவேயாகும்.