ஊர்ப் பெயரால் மருந்து சொன்னவர்

மூக்கில் ஊறும் சளி தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். காறினாலும் வராது, விழுங்கினாலும் போகாது. மாதக்கணக்கில் நீடிக்கும் இத்தொல்லையோடு கொரிய நாட்டுப் பாரம்பரிய மருத்துவரை நாடுவோர் இன்றும் உண்டு. அம்மருத்துவர்கள் போற்றும் தலையாய நூல் ‘தோங்குய் போகாம்’. அதை ஆக்கியவர் ஹோ ஜுன்.

1539-இல் பிறந்த அவருடைய தந்தை உயர்குடி அதிகாரி. தாயோ முறைப்படி மணந்த மனைவி அல்லர். அத்தகைய பிள்ளைகளுக்கு அந்நாளில் உயர்பதவிகளின் கதவு அடைபட்டிருந்தது. ஹோ ஜுன் மருத்துவம் பயின்று அரண்மனை மருத்துவரானார். 1592-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, மன்னர் சோன்ஜோவைப் பிரியாமல் வட எல்லையிலுள்ள உய்ஜு வரை உடன் சென்றார்.

போரால் நாடு நலிந்தது. மக்களுக்கு உதவும் மருத்துவ நூலொன்றைத் தொகுக்க 1596-இல் மன்னர் பணித்தார். மறு ஆண்டே மீண்டும் போர் மூள, உடனிருந்த மருத்துவர்கள் சிதறினர். ஹோ ஜுன் தனியே தொடர்ந்தார். 1608-இல் மன்னர் மறைந்தார். பழி மருத்துவர் தலையில் விழுந்தது. நாடு கடத்தப்பட்ட இடம், அன்று மன்னரோடு சென்ற அதே உய்ஜு! ஆயினும் அவர் தளரவில்லை. 1610-இல் நூல் நிறைவுற்றது. 1613-இல் 25 தொகுதிகளாக அச்சேறியது. 1615-இல் அவர் மறைந்தார். 2009-இல் யுனெஸ்கோ அந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மூக்கில் ஓயாது வடியும் கலங்கிய சளிக்கும் அந்நூலில் இடமுண்டு. நோய் மூக்கில் தோன்றினாலும் வேர் உடலின் உள்ளே இருக்கலாம் என்பது அம்மரபின் கொள்கை. மக்னோலியா மரத்தின் மலராத மொட்டு அம்மரபில் மூக்கு நோய்க்குரிய மருந்து. ஒவ்வாமை, சைனஸ் அழற்சி, மேலேறும் இரைப்பை அமிலம் எனக் காரணங்கள் பலவென்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. ஆகவே காரணம் அறிந்தே மருந்துண்ண வேண்டும்.

நண்பர்களே! நூல் முழுவதும் கற்றோர்க்குரிய சீன எழுத்தில் அமைந்தது. ஆனால் மூலிகைகள் பலவற்றின் அருகே, ஊரார் வழங்கும் பெயரைக் கொரிய எழுத்திலும் பொறித்தார் ஹோ ஜுன். தொலைநாட்டு மருந்து வாங்க இயலாத ஏழையும் தன் ஊர் வேலியோரத்திலேயே பறித்துக்கொள்ளலாம் அல்லவா?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். சொலானம் ட்ரைலோபேட்டம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என்ன அது என்றாள் அம்மா. சளிக்கு நீ துவையல் அரைப்பாயே, அந்தத் தூதுவளைதான் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. ஹோ ஜுன் செய்த தொண்டின் பெருமை எனக்கு அன்றுதான் விளங்கியது.