பிரீஸ்ட்லி தேடிய வீடு

ஜோசப் பிரீஸ்ட்லியின் பெயரை அறிவியல் பாடத்தில் பார்த்திருப்பீங்க. 1774-ல் ஆக்சிஜன் வாயுவைப் பிரித்தெடுத்தவர். சோடாத் தண்ணீர் செய்யும் முறையை எழுதி வெளியிட்டவரும் இவர்தான். எனக்கு அந்த இரண்டையும்விட, 61 வயதில் அவர் அமெரிக்காவில் வீடு தேடிய கதைதான் பிடிக்கும். வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும் நம்ம பிள்ளைங்க, எங்கே தங்கலாம் என்று கேட்கும்போது இவர் ஞாபகம்தான் வரும்.

1733-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். அரசாங்கத் திருச்சபையை ஏற்காத பிரிவில் போதகர். பிரெஞ்சுப் புரட்சியை வெளிப்படையாக ஆதரித்தார். பலருக்கு அது பொறுக்கவில்லை. 1791 ஜூலை 14-ல் புரட்சியின் நினைவாக பர்மிங்காமில் ஒரு விருந்து நடந்தது. அவர் அதுக்குப் போகவே இல்லை! ஆனாலும் ஒரு கும்பல் வந்து அவர் வீட்டைக் கொளுத்தியது. வருஷக்கணக்கில் சேர்த்த புத்தகம், கருவி, ஆராய்ச்சிக் குறிப்பு எல்லாம் போச்சு. கணவனும் மனைவியும் உயிர் தப்பியதே பெரிசு. அப்புறம் லண்டன் பக்கம் இருந்து பார்த்தார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. மகன்கள் முன்னாடியே அமெரிக்கா போய்விட்டார்கள். 1794 ஏப்ரலில் இவரும் மனைவி மேரியும் கப்பல் ஏறினார்கள். இவர்கள் கடலில் இருந்தபோதுதான் பாரிசில் வேதியியல் அறிஞர் லவாய்சியரின் தலை வெட்டப்பட்டது. அறிவாளிகளுக்கு ஐரோப்பா அப்படி இருந்த காலம்.

ஜூனில் நியூயார்க்கில் இறங்கி, பிலடெல்பியா போனார்கள். அப்போது அதுதான் நாட்டின் தலைநகரம். அறிஞர் சங்கம், நூலகம், நண்பர்கள் எல்லாம் அங்கே. பல்கலைக்கழகம் வேதியியல் பேராசிரியர் பதவியே கொடுக்க முன்வந்தது. நாமாக இருந்தால் அன்றைக்கே பெட்டியை இறக்கியிருப்போம். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

பிலடெல்பியாவில் செலவு அதிகம். மேரிக்கு அந்த நகரம் பிடிக்கவில்லை. முந்தின வருஷம்தான் மஞ்சள் காய்ச்சலில் அங்கே சுமார் 5,000 பேர் செத்திருந்தார்கள். ஆனால் பெரிய காரணம் வேறு. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, சஸ்குவெஹானா ஆற்றின் இரண்டு கிளைகள் சேரும் இடத்தில் நார்தம்பர்லாந்து என்ற சின்ன ஊர். அந்தப் பக்கம் நிலம் வாங்கி, இங்கிலாந்தில் கொள்கைக்காக அடிபட்டவர்களைக் குடியேற்றலாம் என்று மகன்களும் நண்பர் தாமஸ் கூப்பரும் திட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளும் நம்மைப் போன்றவர்களும் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

யாரும் வரவில்லை. திட்டம் அப்படியே படுத்துவிட்டது.

அப்போதாவது பிலடெல்பியாவுக்குத் திரும்பியிருக்கலாமே? மேரி ஆசையோடு திட்டமிட்ட வீடு எழும்பிக்கொண்டிருந்தது. 1795 டிசம்பரில் கடைசி மகன் ஹென்றி இறந்தான், வயது 18. மறு வருஷம் செப்டம்பரில் மேரியும் போய்விட்டார். வீடு முடிந்தது 1798-ல். அவர் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரையும் அந்த மண்ணில் வைத்துவிட்டு மனுஷன் எங்கே போவார்?

ஒதுக்குப்புறத்தில் இருந்ததால் நஷ்டமும் உண்டு. புது ஆராய்ச்சிச் செய்தி தாமதமாகத்தான் வரும். எல்லாரும் கைவிட்ட பழைய ஃபுளோஜிஸ்டன் கொள்கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிலடெல்பியாவில் இருந்தாலும் விட்டிருக்க மாட்டார் என்றே தோணுது. அவ்வளவு பிடிவாதம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. வீட்டோடு ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். சுமார் 1,600 புத்தகம் சேர்த்தார். ஜெபர்சனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1799-ல் மோசேயின் சட்டங்களை இந்துக்களின் முறைகளோடு ஒப்பிட்டு ஒரு நூலே வெளியிட்டார். தீர்ப்பு மோசே பக்கம்தான். நமக்கு ஒப்புக்கொள்ள முடியாது. இருந்தாலும் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒருவர் நம்ம தர்மநூல்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார், பாருங்க.

1804 பிப்ரவரி 6 காலையில் படுக்கையில் இருந்தபடியே தன் எழுத்தில் செய்ய வேண்டிய திருத்தங்களைச் சொல்லி எழுதவைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது.