வடிதாளில் மலர்ந்த வண்ணங்கள்

காலையிற் கோப்பி அருந்தி உற்சாகம் பெறும் பெற்றோரும், ஆய்வுகூடத்தில் நிறப்பகுப்புப் பயிலும் மாணவரும் தம்மையறியாமலே ஒரு மனிதருக்குக் கடமைப்பட்டுள்ளனர். கோப்பியின் ஊக்கப்பொருளாகிய கஃபெயினைப் பிரித்தெடுத்தவர் அவர். பீனோல் என்னும் சேர்மத்தை நிலக்கரித்தாரிலிருந்து முதன்முதலிற் பிரித்தவரும் அவரே. வடிதாளிற் சொட்டிய துளி வண்ண வளையங்களாக விரிவதை நூல்களாக்கி உலகுக்குக் காட்டியவரும் அவரே. பிரீட்லிப் பேர்டினண்ட் ரூங்கே என்பது அவர் பெயர்.

ரூங்கே 1794ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரை அடுத்த பில்வேர்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு லூதரன் திருச்சபைப் போதகர். குடும்பத்திற் பொருள்வளம் குறைவு. ஆதலால் இளமையிலேயே லூபெக் நகரில் ஒரு மருந்துக்கடையிற் பயிலுநராகச் சேர்ந்தார். அங்கு மருந்து தயாரிக்கையில் ஒரு நச்சுச்செடியின் சாறு தவறி அவர் கண்ணிலே தெறித்தது. சிறிது நேரத்திற் கண்மணி அகல விரிந்து பார்வை மங்கியது. வேறொருவராயின் கண்ணைக் கழுவிவிட்டு அதை மறந்திருப்பர். ரூங்கே மறக்கவில்லை. பின்னர் பேர்லின், கொட்டிங்கன், ஜேனா ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றபோதும் அந்த விரிந்த கண்மணியே அவர் ஆய்வுக்குப் பொருளாயிற்று. உணவில் நஞ்சு கலந்துள்ளதா என ஐயமெழும்போது, அதன் சாற்றில் ஒரு துளியைப் பூனையின் கண்ணிலிட்டால் கண்மணி விரிவதைக் கொண்டே அத்தகைய நஞ்சைக் கண்டறியலாம் என அவர் காட்டினார். நுண்கருவிகள் இல்லாத காலத்திற் பூனையின் கண்ணே அவருக்குக் கருவியாயிற்று.

ஜேனாவில் அவருடைய ஆசிரியராக விளங்கிய டோபரைனர் இச்செய்தியை மகாகவி கோதேயிடம் எடுத்துரைத்தார். அப்போது கோதேக்கு வயது எழுபது. கவிஞராக மட்டுமன்றி நிறங்களைப் பற்றியும் தாவரங்களைப் பற்றியும் ஆராய்ந்தவர் அவர். 1819ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ரூங்கேயை அழைத்தார். நல்ல உடை இல்லாத மாணவர் நண்பரிடம் மேலங்கியும் தொப்பியும் இரவல் பெற்று அணிந்து, கையிடுக்கிற் பூனையுடன் ஜேனாவின் வீதி வழியே சென்றார். கண்டோர் நகைத்தனர். கோதே நகைக்கவில்லை. ஒரு கண்மணி விரிந்தும் மற்றையது சுருங்கியும் இருந்த அப்பூனையை உற்றுநோக்கி வியந்தார். விடைபெறும் வேளையில், கிரேக்கர் ஒருவர் தமக்கு அனுப்பிய அரிய கோப்பிக் கொட்டைகளை ஒரு பெட்டியில் இட்டுக் கொடுத்து, இவற்றையும் ஆராயுமாறு பணித்தார். மகிழ்ச்சியில் மாணவர் தம் பூனையையே மறந்து புறப்பட, கோதே அதை நினைவூட்டினாராம்.

சில மாதங்களில் அக்கொட்டைகளிலிருந்து வெண்ணிறப் பளிங்குகளாகக் கஃபெயின் வெளிப்பட்டது. 1820இல் அச்செய்தி அச்சேறியது.

பின்னர் பேர்லினிற் கலாநிதிப் பட்டமும், ஐரோப்பியப் பயணமும், இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என வழங்கும் பிரெஸ்லாவு நகரிற் பேராசிரியப் பதவியும் தொடர்ந்தன. ஆயினும் பல்கலைக்கழகத்தில் அவர் நிலைக்கவில்லை. 1830களின் தொடக்கத்தில் பேர்லினுக்கு வடக்கேயுள்ள ஒரானியன்பேர்க்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையிற் சேர்ந்தார். கைவிடப்பட்ட அரண்மனை ஒன்றே அத்தொழிற்சாலையாக இயங்கியது என்பது சுவையான செய்தி.

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் எரிவாயு விளக்குகளால் ஒளிபெறத் தொடங்கியிருந்தன. நிலக்கரியைச் சூடாக்கி வாயுவைப் பெற்றபின் கரிய, பிசுபிசுத்த, துர்நாற்றமுள்ள தார் எஞ்சும். எவருக்கும் வேண்டாத அக்கழிவை ரூங்கே கையிலெடுத்தார். காய்ச்சி வடித்த தார் எண்ணெயைச் சுண்ணாம்பு நீருடன் கலந்து குலுக்கினார். எண்ணெயிலிருந்த அமிலத்தன்மையுள்ள பொருள் சுண்ணாம்புடன் சேர்ந்து நீரிற் கரைந்தது. அந்நீரைப் பிரித்து அதில் வேறோர் அமிலத்தைச் சேர்த்தபோது புதிய பொருளொன்று விடுபட்டது. கரி எண்ணெய் அமிலம் என்னும் பொருளில் அதற்குக் காபோலிக் அமிலம் எனப் பெயரிட்டார். அதுவே இன்று நாம் பீனோல் என்பது. தாரிலிருந்த மற்றொரு பொருள் வெளிற்றும் தூளின் கரைசலுடன் சேர்ந்ததும் அழகிய நீலமாயிற்று. நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதைக் கயனோல் என்றார். அது பின்னர் அனிலீன் எனப் பெயர்பெற்றது. 1834இல் வெளியிட்ட கட்டுரையில், தாரிலிருந்து தாம் பிரித்த மூன்று அமிலப் பொருள்களையும் மூன்று காரப் பொருள்களையும் விவரித்தார்.

இப்பொருள்களிலிருந்து சாயங்கள் செய்யலாம் என அவர் கருதினார். தொழிற்சாலையின் பொறுப்பாளர்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1856இல், இலண்டனிற் பதினெட்டு வயது இளைஞரான பேர்க்கின் அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் செய்து பெருஞ்செல்வரானார். ரூங்கே வகுத்த வழியை வணிகமாக்கும் துணிவு ஒரானியன்பேர்க்கில் எவருக்கும் இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

சாயங்களைச் சோதிக்கும் பணியினிடையே அவர் வேறொன்றைக் கவனித்தார். வடிதாளில் ஒரு கரைசலைச் சொட்டி, அதன்மேல் இன்னொன்றைச் சொட்டினால், துளி பரந்து வளையங்களாகப் பிரிகின்றது. செப்புச் சல்பேற்று, இரும்புச் சல்பேற்று, பொற்றாசியம் பெரோசயனைட்டு முதலியன மாறிமாறிச் சேர, நீலமும் கபிலமும் பச்சையும் பூவிதழ்கள்போல் விளிம்புகட்டி விரிந்தன. 1850இலும் 1855இலும் அவர் இவற்றை நூல்களாக வெளியிட்டார். அச்சிட்ட ஓவியங்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு பிரதியிலும் உண்மையான துளிகளால் உருவான தாள்களே ஒட்டப்பட்டன. ஆகவே ஒரு பிரதிபோல் இன்னொன்று இல்லை.

இங்கே ரூங்கே தவறியதையும் கூறவேண்டும். பொருள்களுக்குள் உருவாக்கும் உந்துதல் ஒன்று உயிர்ச்சக்திபோல் உறைகின்றது என்றும், அதுவே இப்படங்களை வரைகின்றது என்றும் அவர் நம்பினார். உண்மையில் தாளின் நுண்துளைகளில் நீர் ஊர்ந்து செல்கையில், தாளுடன் இறுகப் பற்றும் பொருள் பின்தங்குகின்றது. எளிதில் விலகும் பொருள் முன்னேறுகின்றது. விளக்கம் பிழையாயினும் அவர் கண்ட காட்சி மெய்யானது. பாசல் நகரத்து ஷொன்பைனும் கொப்பெல்ஸ்ரோடரும் அவ்வழியிற் சென்றனர். ரஷ்யரான ஸ்வெட் 1906இல் நிறப்பகுப்பு என்னும் முறைக்குப் பெயர் சூட்டினார். 1938இல் கார்கிவ் நகரில் இஸ்மைலொவும் ஷ்ரைபரும் கண்ணாடித் தகட்டில் மெல்லிய தூட்படையைப் பரப்பி அதே வேலையைச் செய்தனர். 1950களில் ஜேர்மானியரான ஸ்டால் அதனை எங்கும் பயிலத்தக்க முறையாகச் சீர்ப்படுத்தினார். இதுவே மென்படை நிறப்பகுப்பு.

ரூங்கே கண்டெடுத்த பீனோலையும் அதன் உறவுப்பொருள்களையும் இம்முறையால் எவ்வாறு இனங்காணலாம் என்பதை மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. சிலிக்கா ஜெல் பூசிய தகட்டின் அடிப்பக்கத்தில் கலவையை ஒரு சிறு புள்ளியாக இடுவர். புள்ளி மூழ்காதவாறு தகட்டைக் கரைப்பானுள்ள சாடியில் நிறுத்தி மூடுவர். கரைப்பான் மேலேறும்போது பொருள்களும் ஏறும். ஐதரொட்சிற் கூட்டம் ஒன்றேயுள்ள பீனோல் விரைந்து ஏற, இரண்டுள்ள கட்டெக்கோல் சிலிக்காவை இறுகப் பற்றித் தாழ நிற்கும். பிரிந்த பின்னும் அவை கண்ணுக்குப் புலப்படா, நிறமற்றவை. தகட்டின் மேல் பெரிக் குளோரைட்டுக் கரைசலைத் தெளித்தால், பீனோல் ஊதா சார்ந்த நிறத்தையும் கட்டெக்கோல் பச்சை நிறத்தையும் காட்டும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கருமை காய்ச்சிய எம் முன்னோர் கையாண்டதும் இதே வினைதான். கடுக்காயின் துவர்ப்பு பீனோல் இனத்தைச் சேர்ந்தது.

ரூங்கேயின் பிற்காலம் இனிதாக அமையவில்லை. தொழிற்சாலை தனியார் கைக்கு மாறியபின், 1852இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தாம் கண்டுபிடித்தவற்றால் அவருக்குப் பெருஞ்செல்வம் எதுவும் கிட்டவில்லை. மணம் செய்துகொள்ளாத அவர் ஒரானியன்பேர்க்கிலேயே தங்கினார். நண்பரை அழைத்துத் தம் கையாற் சமைத்து, தாமே வடித்த பழ மதுவுடன் விருந்தளிப்பதில் இன்பங் கண்டார். 1866இல் இல்லத்தரசியருக்குப் பயன்படும் இல்லறக் கடிதங்கள் என்னும் நூலை வெளியிட்டார். கறை நீக்குதல், உணவு பழுதாகாது காத்தல் ஆகியவற்றுக்கிடையே, இரவல் அங்கியுடன் கோதேயைக் காணச் சென்ற கதையையும் எழுதிவைத்தார். பூனையின் செய்தி நமக்குக் கிடைத்தது அந்நூலாலேயே.

இதற்கிடையில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1865ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் வண்டிச் சில்லிற் சிக்கிக் காலெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தான். முறிவுக்கு அருகே தோல் கிழிந்து காயமும் ஏற்பட்டிருந்தது. அந்நாளில் இத்தகைய காயம் சீழ்பிடித்து, காலை வெட்டுவதிலோ உயிரிழப்பதிலோ முடிவது வழக்கம். அறுவை மருத்துவர் லிஸ்டர் காபோலிக் அமிலத்தில் நனைத்த துணியால் அக்காயத்தைக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. சிறுவன் சில வாரங்களில் நடந்து வீடு சென்றான். இவ்வாறு குணப்படுத்தியோரைப் பற்றிய லிஸ்டரின் முதற் கட்டுரை 1867ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் இலண்டன் மருத்துவ வார இதழில் வெளியாயிற்று. அதன் பின் ஒன்பதாம் நாள், மார்ச் 25இல், ரூங்கே தமது எழுபத்து மூன்றாவது வயதில் ஒரானியன்பேர்க்கிற் காலமானார்.