எண்ணோடு விளையாடிய ஏழை ஆசிரியர்

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்கள் படிப்பை ஒரு கரையிலும் விளையாட்டை மறு கரையிலும் வைத்திருக்கிறார்கள். இரு கரைகளுக்கும் பாலம் கட்டிய ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்வை இங்கே சொல்ல விழைகிறேன். தத்தாத்ரேய இராமச்சந்திர கப்ரேகர் என்பது அவர் பெயர்.

பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தகாணு என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் அவர் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை ஓர் எழுத்தர். சோதிடக் கணக்கில் ஈடுபாடு மிக்கவர். கப்ரேகர் புனே பெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, 1927-இல் பராஞ்சபே பெயரால் வழங்கும் கணிதப் பரிசைப் பெற்றார். 1929-இல் இளநிலை அறிவியல் பட்டம் பெற்றார். அதற்குமேல் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகவே பணியாற்றினார்.

அவர் கண்ட விளையாட்டுகளுள் புகழ்பெற்றது ஒன்று. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தலாகாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசை எண்ணைக் கழியுங்கள். வரும் விடையையும் அவ்வாறே செய்யுங்கள். நமது புதுக்கோட்டை மாவட்டம் உருவான ஆண்டு 1974. 9741-இல் 1479 போக 8262. 8622-இல் 2268 போக 6354. அடுத்து 3087, அதன்பின் 8352, ஐந்தாம் முறை 6174. மேலும் கழித்தாலும் 6174-ஏ வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து சேர வேண்டும்! இதனை 1949-இல் சென்னைக் கணித மாநாட்டில் அவர் அறிவித்தார்.

பாராட்டு உடனே வந்துவிடவில்லை. கணித அறிஞர் பலர் இவற்றைப் பிள்ளை விளையாட்டென்று நகைத்து ஒதுக்கினர். அவரோ தளரவில்லை. தம் கண்டுபிடிப்புகளைச் சிறு நூல்களாகத் தாமே அச்சிட்டார். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் ஹர்ஷத் எண் என்று பெயரிட்டார். நம் இராமானுசனோடு சேர்த்துப் பேசப்படும் 1729-உம் அவ்வகையே. அதன் இலக்கங்களின் கூட்டு 19. 19-ஐ 91-ஆல் பெருக்கினால் 1729.

கணிப்பொறியியல் படிக்கும் எனக்கு இவர் மீது தனிப் பற்று உண்டாகக் காரணம் உண்டு. கீரனூரிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் பேருந்தேறி வந்து, தமிழ் வழியில் பயின்றபின் முதன்முதலாகக் கணிப்பொறி முன் அமர்வோர் எங்களுள் பலர். நிரல் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி, பாடத்தையே மாற்றிக்கொள்ளலாமா என்று தயங்குவோரும் உண்டு. அத்தகையோரிடம் நான் முதலில் கப்ரேகரின் விளையாட்டைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஓர் எண்ணைப் பெற்று நினைவில் வைத்தல், வரிசைப்படுத்துதல், கழித்தல், 6174 வரும்வரை திரும்பச் செய்தல், வந்ததும் நிறுத்துதல். நிரல் என்பது இவ்வளவுதானே! பைத்தான் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் இது அடங்கிவிடும்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. 2111-இல் 1112 போக 999. இதை 0999 என்று நான்கு இலக்கமாகக் கொள்ளும்படி சொல்லாவிட்டால், எந்திரம் 999-இல் 999-ஐக் கழித்துச் சுழியத்தில் போய் நிற்கும். நாம் மனத்தில் நினைத்ததை அது அறியாது. சொன்னதை மட்டுமே செய்யும். இந்தப் பெரும்பாடத்தை ஒரு சிறு விளையாட்டு ஐந்து நிமிடத்தில் புகட்டிவிடுகிறது. குழியில் முத்துகளை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் நம் பாட்டிமாரின் பல்லாங்குழியும் இத்தகைய கட்டளைத் தொடரே அன்றோ?

1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அறிவியல் இதழொன்றில் கப்ரேகரைப் பற்றி எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு அகவை எழுபது. 1966-இல் மனைவியை இழந்தபின், ஓய்வூதியம் போதாமல், எளிமையாக வாழ்ந்து, மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் காலம் கழித்தார். 1986-இல் மறைந்தார்.

உயர்பட்டமோ கணிப்பொறியோ அவரிடம் இல்லை; தாளும் எழுதுகோலும் தீராத ஆவலும் இருந்தன. இன்று அவரது எண்ணைக் கணிப்பொறிகள் நொடியில் சரிபார்க்கின்றன. தோழர்களே, உங்கள் பிறந்த ஆண்டை எடுங்கள்; கழித்துப் பாருங்கள். எத்தனையாவது படியில் 6174 வருகிறது என்று கண்டபின் ஆய்வுக்கூடத்திற்கு வாருங்கள். மீதியை எந்திரத்திற்குச் சேர்ந்தே சொல்லிக்கொடுப்போம்.