கத்திக்குப் பின் ஒரு காவல்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கணியம்பாடி. ஜவ்வாது மலையை ஒட்டிய இந்த வட்டாரத்தில் ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துக்கும் நாய்தான் காவல். அது நொண்டத் தொடங்கினால் சுளுக்கு என்றோ முதுமை என்றோ எண்ணி விட்டுவிடுகிறோம். சில நேரங்களில் அது எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். அந்நோய்க்கு நாய்களிடம் சோதிக்கப்பட்ட கூட்டு சிகிச்சையின் வேரைத் தேடினால், வில்லியம் கோலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவரிடம் சென்று சேர்வோம்.

1862-இல் பிறந்த கோலி, ஹார்வர்டில் மருத்துவம் பயின்று நியூயார்க்கில் பணியில் சேர்ந்தார். 1890-இல் 17 வயதுப் பெண் ஒருவர் கை வீக்கத்துடன் அவரிடம் வந்தார். எலும்பைப் பற்றிய சார்கோமா புற்றுநோய் அது. முழங்கைக்குக் கீழே கையை அகற்றியும் பயனில்லை. நோய் உடலெங்கும் பரவி, 1891 ஜனவரியில் அவர் இறந்தார். தன் கத்தி பிழையின்றிச் செயல்பட்டும் ஓர் இளம் உயிர் போனதை இளம் மருத்துவரால் ஏற்க இயலவில்லை.

மருத்துவமனையின் பழைய ஆவணங்களைப் புரட்டினார். கழுத்துக் கட்டி மீண்டும் மீண்டும் வளர்ந்து, கைவிடப்பட்ட நோயாளி ஒருவருக்கு அக்கி போன்ற கடும் தோல் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலுக்குப் பின் கட்டி மறைந்திருந்தது. நியூயார்க்கின் குடியிருப்புகளில் அலைந்து அவரை நலமுடன் கண்டார் கோலி. தொற்றுக்கு எதிராக விழித்தெழும் உடல், புற்றையும் எதிர்க்கிறது என்று கருதினார்.

முதலில் உயிருள்ள கிருமிகளையே செலுத்தினார். அதனால் உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர் கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தினார். 1893-இல் வயிற்றில் பெருங்கட்டியுடன் வந்த 16 வயதுச் சிறுவன் குணமடைந்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆனால், கலவை ஒரே தரத்தில் அமையவில்லை. பலன் எல்லோருக்கும் கிட்டவில்லை. கதிர்வீச்சின் காலம் பிறந்தது. அவர் பணியாற்றிய மருத்துவமனையின் தலைமையே அவரது முறையை ஐயுற்றது. 1936-இல் கோலி மறைந்தபோது அவரது கருத்தும் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. அவருடைய மகள் ஹெலன், தந்தையின் குறிப்புகளைத் தொகுத்து, 1953-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அக்கருத்துக்கு மீண்டும் உயிரூட்டியதில் நாய்களுக்கும் பங்குண்டு. பெரிய உடல்வாகுள்ள நாய்களில் எலும்புப் புற்று கண்டறியப்படும் முன்பே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குப் பரவிவிடுகிறது. எனவே காலை மட்டும் அகற்றுவது போதாது. 1989-இல் வெளியான ஆய்வில், காலை அகற்றியபின், கிருமியின் உறையிலுள்ள பொருளை ஒத்த எதிர்ப்பாற்றல் மருந்து தரப்பட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 222 நாள்களாக இருந்தது. மருந்து பெறாதவற்றுக்கு 77 நாள்களே. அதே மருந்து, எலும்புப் புற்றுள்ள இளையோருக்காக 2009-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. நாய்களின் வாய்க் கருநிறப் புற்றுக்கும், கட்டியை அறுவையாலோ கதிர்வீச்சாலோ கட்டுப்படுத்தியபின் தடுப்பூசி தரும் முறை அமெரிக்காவில் வந்தது.

கண்ணுக்குத் தெரிவதைக் கத்தி அகற்றட்டும். தெரியாததை உடலின் காவல் தேடட்டும். கோலியின் வாழ்வு விட்டுச்சென்ற பாடம் இது. புதிய மருந்துகள் எட்டாத சிற்றூருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சீக்கிரம் கண்டால் சிகிச்சை கூடுதலாகப் பயன்தரக்கூடும். நாயின் நொண்டல் சில நாள்களில் தீராவிட்டாலோ, மூட்டருகே கெட்டியான வீக்கம் தென்பட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். இரவெல்லாம் நம்மைக் காத்த உயிருக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடிய காவல் அது.