ஆடுகளத்து ஆசான்

எழுபது ஆண்டு நிரம்பிய ஒருவர் தம் தொழிலினின்று நீங்கி ஓய்வு நாடுதல் உலகியல்பு. அவ்வயதில் ஒருவர், நாற்பதாண்டுகள் வாழ்ந்த நகரைத் துறந்து, ஏறக்குறைய ஈராயிரம் மைலுக்கு அப்பாலுள்ள சிறியதொரு கலாசாலைக்குப் புதிய ஆசிரியராய்ச் சென்றமர்தல் மிக அரிது. அங்ஙனம் சென்றவர் அமெரிக்க நாட்டு ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பார். 1933-ஆம் ஆண்டில், காலிபோர்னியா மாகாணத்து ஸ்டாக்டன் நகரில் விளங்கிய பசிபிக் கலாசாலையின் காற்பந்துக் குழுவுக்கு அவர் தலைமைப் பயிற்சியாசிரியராய் வந்து சேர்ந்தார். அவர் ஏன் வந்தார், வந்து யாது பெற்றார் என்பவற்றை அறிதல் மாணவராகிய நமக்குப் பெரிதும் பயன்படும்.

அமெரிக்கர் காற்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் ஆடுவதினும் வேறானது. இருபுறமும் பதினொருவர் நிற்பர் என்பதொன்றே ஒப்பு. முட்டை வடிவினதாகிய பந்தை ஒருவன் கையில் அணைத்துக்கொண்டு எதிரியின் எல்லையை நோக்கி ஓட, எதிர்ப்பக்கத்தார் அவனை மடக்கி நிலத்தில் வீழ்த்துவர். உடல் வலிமையும் ஒற்றுமையும் முன்கூட்டி வகுத்த வியூகமும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் அது. ஆகையால் அங்குப் பயிற்சியாசிரியர் என்பார் படைத்தலைவரை ஒப்பர். குழு வென்றால் அவரைத் தோளில் தூக்குவதும், தோற்றால் தூற்றுவதும் அந்நாட்டு வழக்கம்.

ஸ்டாக் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி, நியூ ஜெர்சி மாகாணத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளர். மக்கள் பலர் நிறைந்த அவ்வெளிய குடியிற் பிறந்த சிறுவன், கையில் கிடைத்த வேலையைச் செய்து பொருளீட்டியே கல்வி பயின்றான். எக்ஸீட்டர் நகரில் மேல்வகுப்பிற் படித்த நாளில் பரண் அறையொன்றில் தங்கி, நாளொன்றுக்குச் சில செண்டு காசில் உண்டு காலங்கழித்தான் எனின், அவ்வறுமையின் அளவு நன்கு விளங்கும்.

1884-ஆம் ஆண்டில் அவர் யேல் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். குருத்துவப் பணிக்குத் தம்மை ஒப்புவித்தல் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அங்குப் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திற் பந்து வீசுவதில் அவர் நிகரற்று விளங்கினார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட குழுவினர் பெரும்பொருள் தருவதாகக் கூறி அவரை அழைத்தனர். வறுமையில் வளர்ந்த அவர் அப்பொருளை வேண்டாவென மறுத்து, வேதசாஸ்திர வகுப்பிற் சேர்ந்தார். 1889-ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள கலாசாலைகள் அனைத்தினும் சிறந்த காற்பந்தாட்டக்காரர் பதினொருவரை முதன்முதலாகத் தேர்ந்து வெளியிட்டபொழுது, அவர் பெயரும் அதில் இடம் பெற்றது.

ஆனால் பிரசங்க பீடம் அவருக்கு எளிதாய் அமையவில்லை. களத்தில் அஞ்சாது நின்றவர், மேடையில் நாவெழாது தடுமாறினார். இஃது அவருக்குப் பெரியதொரு சோதனையாயிற்று. இளமை முதல் தாம் கருதியிருந்த ஊழியத்தைக் கைவிடுதல் கடவுட்கு மாறாகுமோ என எண்ணுதல் இயல்பேயன்றோ? அவர் கண்ட முடிவு இது: ஊழியத்தைக் கைவிட வேண்டுவதில்லை, ஊழியம் செய்யும் இடத்தை மாற்றினாற் போதும். இளைஞர் பெருவிருப்புடன் கூடும் இடம் ஆடுகளம். அங்கு அவர்கட்கு நல்லொழுக்கம் கற்பித்தலும் போதகர் பணியின் பாற்பட்டதே எனத் துணிந்தார்.

இத்துணிபோடு 1890-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியை அடைந்தார். அவருடைய காற்பந்துக் குழுவில் அங்கு நடுவில் நின்று ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தாட்டத்தை 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகிற்களித்தவர் அவரே. அடுத்த மார்ச்சு மாதத்தில் அவ்வாட்டம் முதன்முறை பொதுமக்கள் முன்னிலையில் ஆடப்பெற்றது. ஆசிரியர் குழுவை மாணவர் குழு ஐந்துக்கு ஒன்றாக வென்றது. ஆசிரியர் பெற்ற அவ்வொன்றைப் போட்டவர் ஸ்டாக். அப்பயிற்சிப் பள்ளி நம் நாட்டுக்கும் தொடர்புடையது. சென்னையில் 1920-ஆம் ஆண்டில் தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் என்பாரும் அப்பள்ளியின் மாணவரே.

1892-ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலை புதிதாய்த் திறக்கப்பெற்றது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்கிற்கு வேதபாடம் கற்பித்தவர். தம் மாணவரின் தன்மையை அறிந்திருந்த அவர், மற்றப் பேராசிரியரோடு ஒத்த மதிப்பும் நிலையான உரிமையும் அளித்து, தேகப்பயிற்சித் துறைக்கு ஸ்டாக்கை அழைத்துக்கொண்டார். முதலாண்டில் குழுவுக்குப் போதிய ஆட்கள் இல்லை. ஆதலின் பயிற்சியாசிரியர் தாமே குழுவில் நின்று மாணவரோடு மாணவராய் ஆடினார்.

அன்று தொடங்கி நாற்பத்தோராண்டுகள் அவர் அங்குப் பணியாற்றினார். மேற்குப் பகுதிக் கலாசாலைகளின் போட்டியில் அவர் குழு ஏழு முறை முதன்மை எய்தியது. 1905-ஆம் ஆண்டில், ஐம்பத்தாறு ஆட்டங்களிற் தோல்வியறியாது செருக்கி நின்ற மிச்சிகன் குழுவை இரண்டுக்குச் சுழியாய் வென்றது இன்றும் பேசப்படுவது. அக்காலத்தில் ஆட்டத்தில் இளைஞர் சிலர் உயிரிழந்தமையால் அதனையே ஒழித்துவிட வேண்டும் என்னும் கிளர்ச்சி எழுந்தது. விதிகளைத் திருத்தும் குழுவில் ஸ்டாக் அமர்ந்து பணியாற்றினார். 1906-ஆம் ஆண்டு முதல் பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. ஆட்டத்தின் வடிவும் அதனால் மாறலாயிற்று.

அவர் மதுவும் புகையிலையும் தீண்டாதவர். தம் குழுவினரும் அவ்வாறே இருத்தல் வேண்டுமென விரும்பினார். இழிசொல் அவர் வாயில் வந்ததேயில்லை. பெருங்கோபம் மூண்டவிடத்து, தவறிய மாணவனைக் கழுதை என்பார். தவறு பெரிதாயின் இரட்டைக் கழுதை ஆக்குவார். அதனினும் கடுஞ்சொல்லை அவர்பால் மாணவர் கேட்டிலர். அவர் மனைவியார் ஸ்டெல்லா அம்மையார் எதிர்க்குழுவினரின் ஆட்டத்தைக் கண்டு குறிப்பெழுதிக் கொடுத்துத் துணை நின்றார்.

எனினும் குறை கூறுவாரும் இருந்தனர். பல பதினாயிரம் மக்கள் கட்டணம் கொடுத்துக் காணும் பெருங்காட்சியாய்க் காற்பந்து வளர்ந்துவிட்டது. இதனாற் கல்வி தாழ்வுறுகின்றது என்றும், அவ்வளர்ச்சியில் ஸ்டாக்கிற்கும் பங்குண்டு என்றும் அவர்கள் கூறினர். இதனை முற்றும் பொய்யெனத் தள்ளல் இயலாது. 1929-ஆம் ஆண்டிற் சிக்காகோவின் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ் அக்கருத்துடையவரே. 1932-ஆம் ஆண்டில் ஸ்டாக் எழுபது வயதை எய்தினார். அவ்வயதில் ஆசிரியர் ஓய்வு பெறுதல் சர்வகலாசாலையின் விதி. களத்தோடு தொடர்பற்ற வேறொரு பதவியை அவருக்களிக்க முன்வந்தனர். பெருமைக்குக் குறைவில்லை, செய்வதற்கு வேலைதான் இல்லை. ஸ்டாக் அதனை ஏற்கவில்லை.

இந்நிலையிலேதான் பசிபிக் கலாசாலை அவரை அழைத்தது. மெதடிஸ்ட் சபையாரின் அக்கலாசாலையிற் செல்வமும் இல்லை, திரளான மாணவரும் இல்லை. சிக்காகோவிற் காற்பந்தின் பெருந்தலைவராய் விளங்கியவர், 1933-ஆம் ஆண்டில் முதியவராய், புதியவராய் அக்களத்தில் இறங்கினார். முதலாண்டின் ஆட்டங்களில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. காலிபோர்னியா சர்வகலாசாலை போன்ற வலிய குழுக்களோடும் தம் சிறு குழுவை அவர் அஞ்சாது பொருத வைத்தார். அடுத்தடுத்துத் தோற்றபொழுதும், நாள்தோறும் மாலையிற் களத்திற்கு வருதலை அவர் ஒழித்திலர்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் தேதி ஒரு வியப்பு நிகழ்ந்தது. பசிபிக் குழுவோடு ஸ்டாக் சிக்காகோவிற்குச் சென்றார். ஆட்டம் நடந்த இடம் அவர் பெயராலேயே வழங்கிய ஸ்டாக் களம். சிறு கலாசாலையின் குழு சிக்காகோவை முப்பத்திரண்டுக்குச் சுழியாய் வென்றது. முதுமை காரணமாக விலக்கப்பட்டவர் தம்மை விலக்கிய இடத்திலேயே வென்றார் எனப் பலரும் வியந்தனர். ஆயினும் இதனைப் பழிதீர்த்தலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அன்று தோற்றவர் அணிந்திருந்த செந்நிற உடையைச் சிறப்பிக்க நாற்பதாண்டு உழைத்தவர் அவரேயன்றோ? மறு ஆண்டு டிசம்பரில், ஹட்சின்ஸ் காலத்திலேயே, சிக்காகோ அவ்வாட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டது. ஆளரவம் அடங்கிய அக்களத்து மேற்குப் படிக்கட்டுகளின் கீழ், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, என்ரிக்கோ பெர்மியும் அவர் துணைவரும் அணுப்பிளவின் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டினர். ஓர் இடத்தின் வரலாறு இங்ஙனமும் மாறுகின்றது!

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கடற்படைப் பயிற்சிக்காக இளைஞர் பலர் பசிபிக் கலாசாலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் சிறந்த ஆட்டக்காரரும் இருந்தனர். 1943-ஆம் ஆண்டில் அக்குழு ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றது. எண்பத்தோராண்டு நிரம்பிய ஸ்டாக்கை, நாட்டிலுள்ள பயிற்சியாசிரியர் ஒன்றுகூடி அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்சியாசிரியராகத் தேர்ந்தனர்.

1946-ஆம் ஆண்டில் அவர் பசிபிக்கினின்றும் நீங்கினார். அப்பொழுதும் ஓய்ந்தாரில்லை. பென்சில்வேனியா மாகாணத்துச் சஸ்குவஹானா கலாசாலையிற் பயிற்சியாசிரியராயிருந்த தம் மகனுக்குத் துணை நின்றார். தந்தையும் மகனும் பயிற்றிய அக்குழு 1951-ஆம் ஆண்டில் ஓராட்டத்திலும் தோல்வியுறவில்லை. பின்னர் ஸ்டாக்டனுக்கு மீண்டு, பந்தைக் காலால் உதைக்கும் முறையை இளைஞர்க்குக் கற்பித்து வந்தார். தொண்ணூற்றெட்டு வயதில், 1960-ஆம் ஆண்டிலேதான் அப்பணியை விடுத்தார். 1964-ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். 1965-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி, நூற்றிரண்டாம் வயதில், ஸ்டாக் இறைவனடி சேர்ந்தார்.

பசிபிக்கில் அவர் ஆற்றிய பதினான்கு ஆண்டுப் பணியைக் கணக்கிட்டாற் கிடைப்பன இவை: வெற்றி 60, தோல்வி 77, சமம் 7. வென்றவற்றினும் தோற்றவையே மிகுதி. வெற்றியொன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு, அவர் எழுபதில் ஏற்ற பணி வீண்பணியாகத் தோன்றும். ஆனால் அவர் யேலில் இருந்த நாளிற் செய்த துணிபை நினைவுகூர்க. வெற்றி தேடி அவர் களத்திற்கு வந்தாரல்லர். இளைஞரைத் தேடி வந்தார். இளைஞர் பெருங்கலாசாலையிலும் இருந்தனர், சிறுகலாசாலையிலும் இருந்தனர். ஆகவே சிக்காகோவில் முப்பது வயதிற் செய்த வேலையையே ஸ்டாக்டனில் எழுபது வயதிலும் அவர் செய்தார். இடம் சிறுத்தது, பணி சிறுக்கவில்லை.

நண்பர்காள்! நம் கல்லூரிக் குழு தோற்கும் நாளில் நாம் முதலில் நோவது பயிற்சியளித்தவரையே. வென்ற நாளிலோ அவரை மறந்து ஆடினவரைப் புகழ்கின்றோம். மாலைதோறும் நமக்கு முன்னே களத்திற்கு வந்து, நாம் சென்ற பின்னர்ச் செல்லும் அவர் நம்மிடம் எதிர்பார்ப்பது கோப்பை மட்டுமன்று. ஸ்டாக்கின் வாழ்வை அறிந்தார் அவரை இனி வேறு கண்கொண்டு நோக்குவர்.